அரிய நோயும் ஒரு துண்டுச் சதையும்

(மதுரையில் நூலக வாசகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகம் செய்தவர் ‘டாக்டர்’ என்று சொன்னதும் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் முழங்கால் வலிக்கு ஒரு வழி கேட்கலாம் என்ற நம்பிக்கை! மன்னிக்க வேண்டும். நான் நாடி பார்க்கிற டாக்டர் இல்லை. நோயியல் மருத்துவன், பத்தாலஜிஸ்ட் என்பார்கள். என்னைத் தேடி நோயாளி வரமாட்டார். அவர் உடம்பிலிருந்து எடுத்த ஒரு துண்டுச் சதை வரும். பாட்டிலில் வரும், கூடவே ஒரு தாள் வரும். அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்று நான்தான் எழுதவேண்டும்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, அரிதான நோய்களைக் கண்டுபிடிப்பதிலும் குணமாக்குவதிலும் திசு ஆய்வும் அறுவை சிகிச்சையும் எப்படித் துணை நிற்கின்றன என்பது. அரிதான நோய் என்றதும், எங்கோ வெளிநாட்டில் யாருக்கோ வருவது, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அவற்றில் ஒன்று உங்கள் ஊர்ப் பெயரோடு உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. அரிதான நோயில் அப்படி என்ன சிக்கல்? அது தனி அடையாளத்தோடு வருவதில்லை என்பதுதான் சிக்கல். கழுத்தில் ஒரு நெறிக்கட்டு. காலில் ஒரு வீக்கம். மூக்கில் ஒரு சதை. பச்சைக் குழந்தைக்கு வயிற்று உப்பல். இப்படித்தான் வருகிறது. கழுத்தில் நெறி கட்டியிருந்தால் நம் நாட்டு மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது தவறா? தவறே இல்லை. அனுபவம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அனுபவம் பெரும்பாலான நேரம் கைகொடுக்கும். அது கைவிடுகிற இடத்தில்தான் அரிதான நோய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் கட்டியின் இடத்தைச் சொல்லும், அளவைச் சொல்லும், பக்கத்தில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். நோயின் பெயரைச் சொல்ல, பல நேரங்களில், சதைதான் வேண்டும்.

அந்தச் சதை எங்கள் லேபுக்கு வந்து என்ன ஆகிறது? ‘சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க, ஒரு வாரமாச்சு, இன்னும் ரிப்போர்ட் வரல’ என்று அலுத்துக்கொள்ளாத குடும்பம் கிடையாது. அந்த ஒரு வாரம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

உடம்பை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து திசு கெட ஆரம்பிக்கிறது. அதை இருந்தது இருந்தபடி நிறுத்திவைப்பது ஃபார்மலின். 1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார். விரலை விறைக்க வைப்பது திசுவையும் விறைக்க வைக்கும் அல்லவா? அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. சதையின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கவேண்டும், வாய் அகன்ற பாட்டிலாக இருக்கவேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். சின்ன வாய் பாட்டிலில் மெத்தென்று உள்ளே போன கட்டி, விறைத்த பிறகு வெளியே வராது. பாட்டிலை உடைத்து எடுத்த நாட்கள் உண்டு.

ஓர் இரவு ஃபார்மலினில் ஊறிய சதையை வெட்டிப் பார்க்கிறோம். நிறம் என்ன, கெட்டியா மெதுவா, ஓரம் எங்கே என்று வெறுங்கண்ணால் பார்த்து எழுதுகிறோம். பிறகு ஆல்கஹாலில் தண்ணீரை எடுத்து, சைலீனில் தெளியவைத்து, உருகிய மெழுகை உள்ளே ஏற்றி, ஒரு சிறு மெழுகுக் கட்டியாக வார்க்கிறோம். அதற்குப் பெயர் பிளாக். அந்தப் பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவுகிறோம். தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடிச் சில்லில் ஏந்துகிறோம். பிறகு சாயம். ஒன்று ஹெமடாக்ஸிலின், மெக்சிகோப் பக்கத்து மரம் ஒன்றின் வைரக்கட்டையிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பட்டுக்கும் கம்பளிக்கும் கறுப்புச் சாயம் ஏற்றிய அதே மரம்தான். உயிரணுவின் கருவை அது நீலமாக்கும். இன்னொன்று இயோசின், மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். இந்த நீலத்தையும் சிவப்பையும் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பத்தாலஜிஸ்டுகள் தீர்ப்பு எழுதுகிறார்கள். எலும்பாக இருந்தால் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கவே பல நாட்கள் ஆகும். முதல் ஸ்லைடில் சந்தேகம் வந்தால் வேறு சாயங்கள், ஆன்டிபாடி சோதனைகள் என்று இன்னும் சில நாட்கள். உங்கள் ஒரு வாரம் இப்படித்தான் போகிறது.

சரி, உங்கள் ஊர்க் கதைக்கு வருவோம்.

1842ஆம் ஆண்டு. மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற ஆங்கில மருத்துவர், இங்கே பாதத்தில் வரும் ஒரு விசித்திரமான நோயைக் கண்டு எழுதிவைத்தார். பாதம் வீங்குகிறது. ஆனைக்கால்போல இருக்கிறது, ஆனால் ஆனைக்கால் இல்லை. வலி பெரிதாக இல்லை. வீக்கத்தில் அங்கங்கே கண் திறக்கிறது. அந்தக் கண்களிலிருந்து சீழோடு சின்னச் சின்ன மணிகள் உதிர்கின்றன. சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெள்ளை, சிலருக்கு மஞ்சள், சிலருக்குச் சிவப்பு. மதுராப் பாதம் என்று பெயர் நிலைத்தது. பம்பாயில் இருந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் 1860இல் இது பூஞ்சையால் வருவது என்று கண்டு மைசிடோமா என்று பெயரிட்டார். இந்தக் கார்ட்டர் யார் தெரியுமா? மருத்துவ மாணவர்கள் புரட்டுகிற கிரேஸ் அனாடமி புத்தகத்தின் முதல் பதிப்புக்குப் படங்கள் வரைந்தவர். புத்தகத்துக்குப் பேர் கிரேயுடையது, வரைந்த கை இவருடையது. பிற்காலத்தில் பூஞ்சை ஒன்றுக்கு மதுரெல்லா என்றும், பாக்டீரியா ஒன்றுக்கு அக்டினோமதுரா என்றும் பெயர் வந்தது. சூடானில், மெக்சிகோவில், செனகலில் இந்த நோயைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு மருத்துவரும் உங்கள் ஊரை உச்சரிக்கிறார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஜான் கில் எழுதி 174 ஆண்டுகள் கழித்து!

இந்த நோயில் சதைப் பரிசோதனைக்கு என்ன வேலை? பாதம் வீங்கி மணி உதிர்ந்தால், பார்த்தவுடனே மைசிடோமா என்று சொல்லிவிடலாமே? சொல்லிவிடலாம். அங்கேதான் பாதி மருத்துவம் நின்றுபோகிறது. ஏனென்றால் ஒரே தோற்றத்துக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று பூஞ்சையால் வருவது, இன்னொன்று பாக்டீரியாவால் வருவது. வெறுங்காலோடு வயலில் நடக்கும்போது குத்திய முள்ளோடு இரண்டில் எதுவும் உள்ளே போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மருந்தோ முற்றிலும் வேறு. பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், அமிகாசினும் கோட்ரைமாக்சசோலும் சேர்த்து முறையாகக் கொடுத்தால், பெரும்பாலோர் கத்தி படாமலே தேறிவிடுகிறார்கள். பூஞ்சை வகைக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. இட்ரகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மாதக்கணக்கில் வேண்டும். அதோடு சர்ஜன் நோயை முழுதாக வெட்டியெடுக்கவும் வேண்டும்.

அப்படியானால், வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே பாதத்து எலும்பு அரித்துப்போகும். வகை தெரியாமல் கத்தி எடுத்தால் என்ன ஆகும்? மருந்தில் ஆறியிருக்கவேண்டிய கால் துண்டாகும். இரண்டில் எது கொடுமை என்று நீங்களே சொல்லுங்கள்.

மணியின் நிறம் கொஞ்சம் உதவும். கறுப்பு மணி என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை மணியாக இருந்தால்? இரண்டுமே வெள்ளையாக வரும். புண்ணின் வாயில் பஞ்சை ஒற்றி எடுத்து அனுப்புகிறார்கள். அதில் தோலின் மேலிருக்கும் கிருமிகள்தான் வளரும். ஆழத்திலிருந்து, மணியோடு சேர்த்து ஒரு துண்டு எடுத்துக் கொடுங்கள் என்றுதான் சர்ஜனிடம் கேட்போம். நுண்ணோக்கியில் வைத்தால், மணியின் நடுவே பின்னிக் கிடக்கும் இழைகள் தெரியும். இரண்டு மைக்ரானுக்கு மேல் பருத்த இழை பூஞ்சை. ஒரு மைக்ரானைத் தாண்டாத மெல்லிழை பாக்டீரியா. கிராம் சாயம் மெல்லிழையைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளிச் சாயம் பூஞ்சையைக் கறுப்பாக எழுப்பிக் காட்டும். ஒரு மைக்ரானா, இரண்டு மைக்ரானா? அந்த வித்தியாசத்தில் ஒரு விவசாயியின் கால் இருக்கிறது!

பாதத்திலிருந்து மூக்குக்கு வருகிறேன்.

தென்மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. கண்மாயிலும் ஊருணியிலும் குளித்து வளர்ந்த ஒருவருக்கு மூக்கில் சதை வளர்கிறது. அடிக்கடி ரத்தம் வருகிறது. உள்ளே பார்த்தால் சிவந்து கனிந்த சதை, மேலே வெள்ளைப் புள்ளிகள். ரைனோஸ்போரிடியோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் உலகத்தில் இந்த நோய் மிக அதிகமாக இருப்பது இந்தியாவிலும் இலங்கையிலும். 1900இல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் இதை விவரித்தார். இந்தக் கிருமியைப் பூஞ்சை என்று சொல்லித்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 1999இல் மரபணுவைப் படித்தவர்கள், இது பூஞ்சையே இல்லை, விலங்குகளும் பூஞ்சைகளும் பிரிந்த கிளைக்கு அருகில் நிற்கும் வேறொரு உயிர், மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கு உறவுக்காரன் என்று கண்டார்கள். அத்தனை ஆண்டுப் பாடத்தை ஒரே நாளில் திருத்திக்கொண்டோம்.

இந்தக் கிருமியைச் சாதாரணமாக லேபில் வளர்க்க முடியாது. ரத்தத்தில் சோதித்து அறியும் வழக்கமும் இல்லை. அப்படியானால் எப்படி உறுதி செய்வது? சதையைப் பார்த்துத்தான். பார்த்துவிட்டால் மறக்கவே முடியாது. உருண்டை உருண்டையான பெரிய பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் சின்ன விதைகள். சதையின் மேலே தெரிந்த வெள்ளைப் புள்ளிகள் இந்தப் பைகளேதான். மாத்திரை மட்டும் கொடுத்து இதைக் கரைக்க முடியாது. வெட்டியெடுத்து, வேர் இருந்த இடத்தை மின்சூட்டுக்கோலால் பொசுக்கவேண்டும். பொசுக்காமல் விட்டால் மறுபடி முளைக்கும். சாதாரண மூக்குச் சதைதானே என்று நினைத்து எடுத்து, ரிப்போர்ட்டில் இந்தப் பெயர் வந்த பிறகு மறுபடி உள்ளே பார்க்கவேண்டி வரும். அதனால்தான் சொல்கிறேன், மூக்கில் எடுத்தது சின்னச் சதைதான் என்று குப்பையில் போடாதீர்கள். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. இந்த நோய் வந்த பிள்ளையை ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

இப்போது கழுத்து.

இருபத்தைந்து வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருக்கிறது. இரண்டு வாரமாகக் காய்ச்சல். தொட்டால் வலி. வெள்ளை அணுக்கள் கொஞ்சம் குறைவு. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில், செத்துப்போன அணுக்கள் இருக்கின்றன என்று ரிப்போர்ட். வீட்டில் இரண்டு பயம். ஒன்று டி.பி.; இன்னொன்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத புற்றுநோய்.

ஜப்பானில் 1972இல் கிகுச்சி என்பவரும் ஃபுஜிமோட்டோ என்பவரும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், ஒரே ஆண்டில் மூன்றாவதாக ஒன்றை விவரித்தார்கள். இன்று கிகுச்சி-ஃபுஜிமோட்டோ நோய் என்கிறோம். நெறிக்கட்டுக்குள் அங்கங்கே அணுக்கள் செத்துக் கிடக்கும், கருக்கள் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கும், அவற்றை விழுங்க வந்த அணுக்கள் பிறைவடிவக் கருவோடு சூழ்ந்திருக்கும். ஆனால் சீழ் பிடித்த இடத்தில் இருக்கவேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கவே இருக்காது. எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பது இங்கே பெரிய தடயம். காசநோயில் வேறு காட்சி: பாலாடைக்கட்டிபோல் மசிந்த நடுப்பகுதி, சுற்றிலும் கிரானுலோமா என்ற அணுத்திரள், லாங்ஹன்ஸ் பெயரிட்ட பெரிய அணுக்கள். நெறிக்கட்டில் வரும் புற்றுநோயான லிம்போமாவிலோ அதன் கட்டமைப்பே குலைந்திருக்கும். ஆனால் கிகுச்சியிலும் பெரிய பெரிய அணுக்கள் கும்பலாக நிற்பதுண்டு. அவசரக்காரன் பார்த்தால் லிம்போமா என்றே எழுதிவிடுவான். அங்கேதான் ஆன்டிபாடி சாயங்கள் கைகொடுக்கின்றன.

மூன்றுக்கும் மருத்துவம் என்ன? காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரை. லிம்போமா என்றால் கீமோ. கிகுச்சி என்றால்? காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து, ஒன்றிலிருந்து நான்கு மாதம் பொறுத்திருக்கவேண்டும். தானாக அடங்கிவிடும். சிலருக்குப் பின்னாளில் லூபஸ் என்ற நோய் வருவதுண்டு என்பதால் கண்காணிப்பு மட்டும் தேவை. யோசித்துப் பாருங்கள். தானாக அடங்குகிற நோய்க்கு ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்ட பெண்கள் இருக்கிறார்கள். நோய் தானே அடங்கியது. பேர் மாத்திரைக்குப் போனது. கல்லீரல் கெட்டிருந்தால் அது மட்டும் நோயாளியின் கணக்கில்!

ஊசிப் பரிசோதனை மோசம் என்று நான் சொல்லவில்லை. எளிது, மலிவு, பல நேரம் போதும். ஆனால் இந்த மாதிரிக் குழப்பத்தில் நெறிக்கட்டை முழுதாக எடுத்தால்தான் கட்டமைப்பு தெரியும். எடுக்கிற சர்ஜன் ஒன்று செய்யவேண்டும்: இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் ஃபார்மலினில் போட்டு, மறு பாதியைச் சலைனில் காசநோய்க் கிருமிச் சோதனைக்கு அனுப்பவேண்டும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துப்போகும், வளர்த்துப் பார்க்க வழியில்லை. மூன்றே நிமிட வேலை. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இந்த மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தி நோயாளியின் ஆறு மாதத்தைச் செலவழித்த கேஸ்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இதுவரை நான் சொன்னதிலெல்லாம் நேரம் இருந்தது. ஒரு வாரம் காத்திருக்கலாம். நேரமே இல்லாவிட்டால்?

1905இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் வில்லியம் மேயோ தன் பத்தாலஜிஸ்ட் லூயி வில்சனிடம், நோயாளி மேசையில் கிடக்கும்போதே நோய் இன்னதென்று சொல்ல முடியாதா என்று கேட்டார். வில்சன் சதையை உறையவைத்துச் சீவி, சாயம் ஏற்றி, சில நிமிடங்களில் பார்த்துச் சொன்னார். ஃப்ரோசன் செக்‌ஷன் என்ற இந்த முறை வழக்கமானது அங்கிருந்துதான். இன்று கிரையோஸ்டாட் என்ற கருவிக்குள் மைனஸ் 20 டிகிரியில் சீவுகிறோம். பதினைந்து இருபது நிமிடத்தில் தியேட்டருக்கு போன் போய்விடும். கொழுப்பு சரியாக உறையாது, எலும்பைச் சீவ முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் இது ஆகாது. ஆனால் ஆகிற இடத்தில் இதற்கு ஈடு கிடையாது.

ஹிர்ஷ்ப்ரங் நோயைச் சொல்கிறேன். ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புக்கு ஒன்று. ஆண் குழந்தைகளுக்கே அதிகம். பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை. வயிறு உப்புகிறது. பச்சையாக வாந்தி. கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங் 1886இல் இப்படி இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். வயிற்றைத் திறந்தால் பெருங்குடல் மேலே பூதாகரமாக வீங்கியிருக்கும். கீழே ஒரு பகுதி ஒல்லியாக, பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். எது நோயான பகுதி? எல்லோரும் வீங்கியதைத்தான் சொன்னார்கள். வீங்கியதை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். குழந்தைகள் தேறவில்லை.

நுண்ணோக்கி வேறு சொன்னது. குடலின் தசையை அசைக்கும் நரம்பணுக்கள் வீங்கிய பகுதியில் இருக்கின்றன. ஒல்லியாக நல்லபிள்ளைபோல் இருக்கும் பகுதியில் ஒன்றுகூட இல்லை! கரு வளரும்போது அந்த அணுக்கள் குடலின் மேலிருந்து கீழாக இறங்கி வரும். வழியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் சுருங்கியே கிடக்கும், மலத்தைத் தள்ளாது. மேலே இருக்கிற நல்ல குடல் தள்ளித் தள்ளி வீங்கிப்போகும். அமெரிக்காவில் போஸ்டன் நகரத்து சர்ஜன் ஓர்வார் ஸ்வென்சன் 1948இல், அணுக்கள் இல்லாத ஒல்லிப் பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் முறையை வெளியிட்டார். அதுவரை பிழைக்காத குழந்தைகள் பிழைத்தார்கள்.

ஆனால் நல்ல குடல் எங்கே தொடங்குகிறது? கண்ணால் சொல்ல முடியாது. அதனால் சர்ஜன் குடல் சுவரில் படிப்படியாக மேலே போய், இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி எடுத்து அனுப்புகிறார். மயக்கத்தில் கைக்குழந்தை. கைகட்டி நிற்கிறது தியேட்டர். நாங்கள் உறையவைத்து, சீவி, பார்க்கிறோம். முதல் துண்டில் அணு இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஒன்று தெரிகிறது. அதுவும் சரியாக இல்லை, பக்கத்து நரம்பு தடித்திருக்கிறது. இன்னும் மேலே போங்கள் என்கிறோம். நான்காவதில் நிறைய இருக்கின்றன. அங்கே இணையுங்கள். இந்த நோயில் கத்தி எங்கே நிற்கவேண்டும் என்று நுண்ணோக்கிதான் சொல்கிறது. அந்தக் குழந்தை பின்னாளில் பள்ளிக்கூடம் போகும். பத்தாலஜிஸ்ட் ஒருவர் இருந்தார் என்பதே அந்த வீட்டுக்குத் தெரியாது. பரவாயில்லை.

கத்தி தேவையே இல்லை என்று சதை சொல்லும் நேரமும் உண்டு. கணையத்தில் கட்டி, மஞ்சள் காமாலை, ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுநோய். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தக்குழாய் எல்லாம் சேர்த்து எடுக்கும் பேரறுவை செய்த பிறகு பார்த்தால் புற்றுநோயே இல்லை. உடம்பு தன்னையே தாக்கிக்கொண்ட வீக்கம். ஜப்பானியர்கள் 2001இல் இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி.4 என்ற புரதம் ஏறியிருப்பதைக் கண்டார்கள். இன்று முன்கூட்டியே சந்தேகப்பட்டு, ஊசியால் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தால், ஸ்டீராய்டு மாத்திரையிலேயே கட்டி கரைகிறது. ஒரு துணுக்குச் சதை ஒரு பேரறுவையைத் தவிர்க்கிறது.

இங்கே உங்களில் ஒருவர் கேட்கத் துடிப்பது தெரிகிறது. ‘கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?’ பெரும்பாலான கட்டிகளுக்கு இது வெறும் பயம். அந்தப் பயத்தால் நாள் கடத்தி, கட்டி முற்றிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். எலும்பிலும் தசையிலும் வரும் சார்கோமா போன்ற அரிய புற்றுக்கட்டிகளில், பயாப்ஸி, அதாவது சதைப் பரிசோதனைக்கான ஊசி போன பாதையையும் பின்னால் கட்டியோடு சேர்த்து எடுக்கவேண்டும். யாரோ ஒருவர் கண்ட இடத்தில் கீறி எடுத்துவிட்டு, வேறொருவர் ஆபரேஷன் செய்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய கால் போகலாம். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஹென்றி மேன்கின் 1982இலும், மறுபடி 1996இலும் இதை ஆராய்ந்து சொன்னார்: இறுதி அறுவை நடக்கப்போகும் இடத்திலேயே பயாப்ஸியும் நடக்கவேண்டும். ஆகவே, கத்திக்குப் பயப்படாதீர்கள். யார் கையில் கத்தி, எந்த இடத்தில், எதற்காக என்று கேளுங்கள்.

கடைசியாக அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. சதையோடு ஒரு தாள் வரும் என்றேன் அல்லவா? அதில் நோயாளியின் வயது, எத்தனை நாளாக, எந்த இடம், முன்பு என்ன மருந்து, ஸ்கேனில் என்ன, சர்ஜன் கண்ணால் பார்த்தது என்ன என்று எழுதவேண்டும். பல தாள்களில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். விலாசம் எழுதாத தபாலைக் கையில் கொடுத்துப் போய்ச் சேர்த்துவிடு என்பது மாதிரி. வயலில் வேலை செய்பவர், நாலு வருஷமாகப் பாத வீக்கம் என்று எழுதியிருந்தால் நான் முதல் நாளே வெள்ளிச் சாயம் போடுவேன். ‘கட்டி’ என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணம் எப்போது வருமோ தெரியாது. அரிய நோயைத் தவறவிடுவது பெரும்பாலும் கருவி இல்லாததால் அல்ல. வெட்டுகிறவரும் பார்க்கிறவரும் பேசிக்கொள்ளாததால்தான். நல்ல மருத்துவமனைகளில் சர்ஜனும் பத்தாலஜிஸ்டும் ரேடியாலஜிஸ்டும் வாரம் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார்ந்து கடினமான கேஸ்களைப் பேசுகிறார்கள். சிறிய ஊர்களில் அது முடியாது. ஆனால் போன் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பத்தாலஜிஸ்ட் தெய்வமும் இல்லை. அரிய நோயில் ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் பார்ப்பது நல்லது. அதில் யாருக்கும் அவமானம் கிடையாது. அந்த மெழுகுப் பிளாக் பல ஆண்டுகள் கெடாது. எழுதிக் கேட்டால் பிளாக்கையோ ஸ்லைடையோ தருவார்கள். அதைக் கொண்டுபோய் வேறு நிபுணரிடம் காட்டலாம். சதையை மறுபடி வெட்டவேண்டியதே இல்லை.

ஆகவே இந்த அவையிலிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கு ஆபரேஷன் நடந்தாலும், எடுத்தது மிளகளவாக இருந்தாலும், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். செலவுக்குத் தயங்கினால் அரசு மருத்துவக் கல்லூரியைக் கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதை மேசை டிராயரில் போடாமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே எடுத்துப்போய்க் காட்டுங்கள். பிரித்துப் படிக்கப்படாத ரிப்போர்ட்டுகள் பல மருத்துவமனைகளில் கிடக்கின்றன. ரிப்போர்ட்டின் மேலே இருக்கும் பயாப்ஸி எண்ணைத் தனியாக எழுதிவையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த பிளாக்கைத் தேடி எடுக்க எங்களுக்கு அந்த எண் ஒன்று போதும்.